குன்னூரில் மாறும் எஞ்சின்

நீராவியிலிருந்து டீசலுக்கு நிகழ்ந்த மாற்றத்தைப் பிற இரயில்பாதைகளில் ஆண்டுக்கணக்கால் குறிப்பர். நீலகிரி மலை இரயில்பாதையிலோ அதன் எல்லை குன்னூர் நிலையத்தில், தரையிலேயே அமைந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டுவரும் வண்டியை, அங்கிருந்து உதகமண்டலம் வரை கொண்டுசெல்வது ‘ஒய்.டி.எம்.4’ வகை டீசல் எஞ்சின். இந்த எல்லையை வகுத்தது மலையின் சரிவேயாகும்.

கல்லாறு நிலையத்துக்கு மேல், பன்னிரண்டரை அடி செல்வதற்குள் ஓரடி உயரும் அளவுக்குப் பாதை செங்குத்தாவதால், வழவழப்பான சக்கரத்துக்கு வெறும் தண்டவாளத்தின் பிடிமானம் போதாது. ஆகவே தண்டவாளங்களின் நடுவே, ஒன்றின் பல் நிற்குமிடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு இரு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த இம்முறையில், எஞ்சினின் பற்சக்கரம் எக்கணமும் பிடியிழப்பதில்லை.

அந்நாட்டின் வின்டர்தூரில் உருவான ‘எக்ஸ்’ வகை எஞ்சினின் அழகைச் செவியாலும் உணரலாம். சமதளத்தில் கீழிரு உருளைகள் மட்டுமே இயங்க, கல்லாறைக் கடந்ததும், அவற்றில் உழைத்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேலிரு உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுவதால், முதல் தாளத்தோடு விரைவான இன்னொரு தாளமும் வந்து இணைகிறது. எஞ்சின் வண்டியின் கீழ்முனையிலிருந்து தள்ளுவதால் முன்னேயுள்ள பாதை ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடியசைத்துத் தரும் சைகையே அவருக்குக் கண்ணாகிறது. இயந்திரத்தின் நுட்பமும் மனிதரின் ஒத்திசைவும் பிரிக்கவொண்ணாது கலந்த கலை இது.

குன்னூருக்கு மேல் சரிவு தணிந்து, ஏறத்தாழ இருபத்தைந்துக்கு ஒன்று என ஆகிவிடுவதால் பற்சட்டம் தேவைப்படுவதில்லை. உள்ளிருக்கும் டீசல் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்க, தண்ணீருக்காக நிற்க வேண்டாத ஒய்.டி.எம்.4 சீரான முழக்கத்தோடு ஏறிச்செல்கிறது. அவ்வெளிமைக்கும் தனி அழகுண்டு. ஆனால் பற்சக்கரம் இல்லாத அந்த எஞ்சினால் கல்லாறுச் சரிவில் வண்டியை ஏற்ற இயலாது.

இந்த நூற்றாண்டிலும் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனை இப்பாதைக்கெனப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டியதன் காரணம் இங்கே விளங்குகிறது. அவற்றில் சில எண்ணெயில் எரியும் கொதிகலனோடு பிறந்தபோதும், நீராவியை இருமுறை உழைக்கவைக்கும் பழைய நான்கு உருளை அமைப்பு மாறவில்லை. அந்த மலைக்கு ஏற்ற விடையை வின்டர்தூரின் கைவினைஞர்கள் முன்னரே கண்டிருந்தனர்.