மொறுமொறுப்பு போனால் என்ன?

ஜமைக்காவின் எஸ்கோவிட்ச் மீனை இப்போதெல்லாம் ஒரு நிமிஷ வீடியோவில் முடித்துவிடுகிறார்கள். முழு மீன் எண்ணெயில் பொரிகிறது. மேலே கேரட், வெங்காயம், மிளகாய் போட்டுக் கொதித்த வினிகர். உடனே ஒரு கடி. 'கரக்'கென்று சத்தம். சமைத்தவர் கண்ணை மூடி, ஆஹா என்கிறார். எனக்கு அந்தக் 'கரக்'கில்தான் தகராறு.

பெயரைப் பாருங்கள். எஸ்கோவிட்ச் என்பது ஸ்பானிஷ் 'எஸ்கபெச்சே'யின் ஜமைக்கா உச்சரிப்பு. அதற்கு மூலம் அரபு 'சிக்பாஜ்'. அதற்கும் முந்தி, பாரசீகர்களின் வினிகர் குழம்பு. 1226-ல் பாக்தாத்தில் எழுதப்பட்ட சமையல் புத்தகத்தில் சிக்பாஜ் இருக்கிறது, மீனில் அல்ல, கறியில். அரபுகளிடமிருந்து ஸ்பெயினுக்கு, அங்கிருந்து ஜமைக்காவுக்கு. 1655-ல் இங்கிலீஷ்காரர்கள் ஸ்பானியர்களை விரட்டித் தீவைப் பிடித்தார்கள். ஆட்சி போயிற்று, ஊறவைத்த மீன் போகவில்லை.

வினிகர் எதற்கு? வெறும் ருசிக்காக இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத வெப்ப ஊரில் பிடித்த மீன் மறுநாள் தாங்காது. பொரித்தால் ஈரம் குறையும்; வினிகரின் அமிலத்தில் கிருமிகள் லேசில் வளராது. அதாவது இது நாளைக்காகச் செய்த பண்டம். புனித வெள்ளிக்கு முதல் நாளே பொரித்து, ராத்திரி முழுக்க ஊறவிடும் வீடுகள் ஜமைக்காவில் இன்றும் உண்டு. புளிப்பும் காரமும் முள் வரைக்கும் இறங்க அவகாசம் வேண்டாமா?

கிங்ஸ்டன் பக்கம் ஹெல்ஷயர் கடற்கரையில் சுடச்சுடப் பொரித்து, மரவள்ளி ரொட்டியான பாமியோடு தருகிறார்களே என்பீர்கள். உண்மைதான். கடலோரத்தில் உட்கார்ந்து அப்படிச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆனால் மொறுமொறுப்பு ஒன்றுதான் மார்க் என்றால், இந்தப் பண்டம் எதற்காகப் பிறந்ததோ அதுவே ஃபெயிலாகிவிடுகிறது.

இன்னொரு புகார். ஸ்காட்ச் பானெட் மிளகாய் கிடைக்காவிட்டால் பச்சை மிளகாய் போடுங்கள் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். காரத்துக்கு நமக்கென்ன பஞ்சம்? அந்த மிளகாயைத் தேடுவது அதன் பழ வாசனைக்காக. பச்சை மிளகாய் போடலாம், நன்றாகவும் இருக்கும். வேறு பண்டம் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

சில செய்முறைகளில் 'சயோட்டே' என்று ஒரு காய் வரும். பெயரைக் கேட்டு விமானம் ஏறிப்போய்த் தேட வேண்டாம். நம் கூட்டில் போடும் சௌசௌதான். ஜமைக்காக்காரர்களும் அதை 'சோசோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

செய்து பார்க்கிறவர்களுக்கு: சங்கரா மீனைக் கீறி, உப்பும் மிளகுத்தூளும் தடவிப் பொரியுங்கள். கேரட், சௌசௌ, வெங்காயத்தை மெல்லிய குச்சியாக நறுக்கி, மிளகாய், நாலைந்து ஆல்ஸ்பைஸ் மணிகளோடு வினிகரில் ஒரு கொதி. காய் வதங்கக்கூடாது, லேசாக வளைந்தால் போதும். மீன்மேல் ஊற்றி, ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் சாப்பிடும்போது அந்தக் 'கரக்' கேட்கும். மீனிலிருந்து இல்லை, கேரட்டிலிருந்து.