சிம்பையின் பதிப்புகள்: ஒரு மதிப்பீடு

நூலொன்றைப் பயிலப் புகுவோன் முதற்கண் வினவவேண்டுவது, தன் கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்பதே. 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்த காலந்தொட்டு, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தெரிவதன் அருமையைத் தமிழ் மாணவர் அறிவர். கணினி நிரலும் எழுதப்பட்டதொரு நூலே; அதனைத் திருத்துவோர் பலர்; பதிப்புகளும் பல. ஆதலின் பதிப்பாராய்ச்சி கணினி பயில்வோர்க்கும் உரியதாகின்றது.

இரத்தினபுரித் தேயிலைத் தோட்டமொன்றின் மடுவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கொழுந்து நிறுக்க அறுபது பெண்கள் ஒரே வேளையில் வந்து நிற்கின்றனர் எனவும், ஒருவரது கொழுந்தை நிறுக்க 30 விநாடி செல்லும் எனவும் வைத்துக்கொள்க. தராசு ஒன்றாயின் இறுதியில் நிற்பவர் 29½ நிமிடம் காத்திருப்பார். இரண்டாயின் 14½ நிமிடம். இதற்கு மனக்கணக்குப் போதும். ஆனால் அவர்கள் வெவ்வேறு மலைகளிலிருந்து வெவ்வேறு நேரத்தில் வருவர், மழை குறுக்கிடும், லொறி தாமதிக்கும். அப்போது மனக்கணக்கு உதவாது. ஒருவர் வருதல், தராசு ஒழிதல், நிறுத்து முடிதல் ஆகிய நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, கடிகாரத்தை ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவச்செய்து கணக்கிடுவதே தனிநிகழ்வு உருவகப்படுத்தல் எனப்படும்.

இத்துறையின் மூதாதையாகிய சிமுலா மொழியை 1960களில் நோர்வே நாட்டு அறிஞர் டாலும் நைகார்டும் ஆக்கினர். அதன் கருத்துகளைத் தழுவிப் பைதன் மொழியில் எழுந்த திறந்த மூல மென்பொருளே சிம்பை. கிளவுஸ் மியூலரும் டோனி விக்னோவும் அதனை 2002இல் வெளியிட்டனர். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பு, முந்தியதன் திருத்தமன்று. முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. 2020இல் வந்த நான்காம் பதிப்போ மூன்றாவதன் நெறியிலேயே நின்று, பைதன் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவை மட்டும் பெரிதும் குறித்து நீக்கிற்று.

மூன்றாம் பதிப்பின் சிறப்பு அதன் எளிமையாகும். முன்னர் ஒவ்வொரு செயலையும் தனி வகுப்பாக அமைக்க வேண்டியிருந்தது. பின்னர் இடையில் நின்று தொடரும் ஒரு சிறு செயற்கூறே அதற்குப் போதுமாயிற்று. பெண்ணொருத்தியின் வரவு, காத்திருப்பு, நிறுவை, செலவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக, கதைபோல் எழுதப்படுகின்றன. குறையும் உண்டு. வரிசையின் நீளத்தையும் காத்திருந்த நேரத்தையும் தாமே குறித்துவைத்த பழைய கருவிகள் நீக்கப்பட்டன. அக்குறிப்பை மாணவனே எழுதிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் இஃது இடராயினும், எதனை அளக்கின்றோம் என்பதை அவன் எண்ணிப் பார்க்குமாறு செய்தலால் இழப்பினும் பயனே மிகுதி.

இதனினும் பெருங்குறை, உள்ளடக்கம் வேறாகியும் பெயர் மாறாமையே. பழைய பாடங்களைப் பார்த்து எழுதும் மாணவன் புதிய பதிப்பில் முதல் வரியிலேயே வழுக் காண்பான். எனினும் வெளிப்பட நிற்கும் வழுவினும் மறைந்து நிற்கும் மாற்றமே அஞ்சத்தக்கது. தற்செயல் எண்களுக்கு ஒரே விதையெண்ணை இட்டாலும், பைதன் 3.2இல் முழுவெண் தெரியும் முறை மாறியமையால், பழையதிலும் புதியதிலும் வெவ்வேறு எண்கள் வருதல் கூடும். ஆகவே சிம்பையின் பதிப்பு, பைதனின் பதிப்பு, விதையெண் ஆகிய மூன்றையும் கூறாத முடிவு, ஏட்டின் பெயர் சுட்டாத பாடத்தை ஒக்கும்; அதனைப் பிறர் சோதித்தல் அரிது. ஒரே விதையெண்ணில் ஒருமுறை பெற்ற விடையை உண்மையெனக் கொள்வதும் பிழை. பல விதையெண்களில் பன்முறை ஓட்டி, விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காணல் வேண்டும்.

ஆயின் எதனைத் தெரிவது? உயர்தர வகுப்பிற் பைதன் கற்ற இலங்கை மாணவன் புதிதாகத் தொடங்குவானாயின் நான்காம் பதிப்பே தக்கது. மூன்றாம் பதிப்பில் முடித்த ஆய்வைச் சரிபார்ப்போன் அப்பதிப்பையே கையாளுதல் முறை. இரண்டாம் பதிப்பிலுள்ள பழைய நிரல்களைச் சான்றாகக் காத்து, புதிதாக எழுதியதன் விடையை அவற்றின் விடையோடு ஒப்பிடுதல் நன்று. புதியதென்பதனால் மட்டும் ஒன்று சிறந்ததாகாது; பழகியதென்பதனால் மட்டும் அது போற்றத்தக்கதுமாகாது.

பதிப்பைப் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் நுணுக்கவாதமெனச் சிலர் கருதலாம். மடுவத்தில் இரண்டாவது தராசு வேண்டுமா என்பதை ஒருநாள் இத்தகைய கணக்கே முடிவுசெய்தல் கூடும். அக்கணக்குப் பிழைக்குமாயின், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவந்த தாயொருத்தி, கொழுந்துக் கூடையோடு மழையில் அரைமணி நேரம் நிற்பாள். அவள் நிற்கும் நேரத்தைக் கணக்கிடப் புகுவோர், எந்தப் பதிப்பைக் கொண்டு கணக்கிட்டனர் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவராவர்.