மேற்கோள் குறிக்குள் இருப்பது யாருடைய சொல்?

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு நேர்காணல் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது நாம் பெரும்பாலும் வடிவத்தைத்தான் பார்க்கிறோம். பெயர், முக்காற்புள்ளி, கேள்வி. மறுபடி பெயர், முக்காற்புள்ளி, பதில். முதலில் வணக்கம், கடைசியில் நன்றி. கேள்வியும் மாணவருடையது, பதிலும் மாணவருடையது; எதிரே உண்மையான ஆள் கிடையாது. அதனால் ஒரு முக்கியமான சங்கதி வகுப்பறையில் எழுவதே இல்லை. இன்னொருவர் வாயிலிருந்து வந்த சொல்லை எழுதும்போது, அவருக்கு நாம் என்ன பொறுப்பு?

இதைக் காட்ட இரண்டு நேர்காணல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம், வாங்க. இரண்டும் 2013ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் போப் பிரான்சிஸிடம் எடுக்கப்பட்டவை. நமக்கு எதற்குப் போப் என்று கேட்காதீர்கள். சமயத் தலைவர் பொது வாழ்க்கையைப் பற்றிப் பேசினால், அது அவருடைய சொந்தக் கருத்தாக மட்டும் நிற்காது. கோடிக்கணக்கானோர் அதை வழிகாட்டுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சொல் மாறினாலும் விளைவு பெரிசு.

முதலாவதை எடுத்தவர் அந்தோனியோ ஸ்பதாரோ. இயேசு சபைக் குரு; ‘லா சிவில்தா கத்தோலிக்கா’ என்ற இத்தாலிய இதழின் அப்போதைய ஆசிரியர். ஆகஸ்டு 19, 23, 29 என மூன்று நாள் சந்தித்துப் பேசினார். தயாரித்த உரையைப் போப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே அது செப்டம்பர் 19இல் பல நாட்டு இயேசு சபை இதழ்களில் ஒரே நேரத்தில் வெளிவந்தது.

அதன் முதல் கேள்வியை மட்டும் வைத்து ஒரு பாடவேளை நடத்தலாம். ஸ்பதாரோ ஒரு கேள்வியைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தார். கடைசி நேரத்தில் அதை விட்டுவிட்டு, ஜோர்ஜ் மாரியோ பெர்கோலியோ என்பவர் யார் என்று நேராகக் கேட்டுவிட்டார். அதுதான் போப்பின் இயற்பெயர். அவர் பேசாமல் பார்க்கிறார். பிறகு, தான் ஒரு பாவி என்கிறார். அது இலக்கிய அலங்காரமாகச் சொன்னதல்ல என்றும் தெளிவுபடுத்துகிறார். பதவியை விட்டுவிட்டு மனிதரைக் கேட்டதால் கிடைத்த பதில் இது. ‘உங்கள் சாதனைகள் யாவை?’ என்றே தொடங்கிப் பழகிய நம் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேட்டி கொடுப்பது தனக்குக் கடினம், முதல் பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் சரியான பதில் தோன்றும் என்று போப் சொல்வதை ஸ்பதாரோ முன்னுரையிலேயே பதிவுசெய்கிறார். மூன்று நாள் எதற்கு, ஒப்புதல் எதற்கு என்பது அப்போது புரிந்துவிடுகிறது, இல்லையா? இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ‘அமெரிக்கா’ இதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் திருச்சபையில் பெண்களின் பங்கு பற்றிய ஒரு வரி விடுபட்டுப்போனது. விடுபட்டதை ஒப்புக்கொண்டு, அந்த வரியைச் சேர்த்தார்கள்.

இரண்டாவது நேர்காணல் ‘லா ரெப்புப்ளிக்கா’ நாளிதழை நிறுவிய எவுஜேனியோ ஸ்கல்ஃபாரி எடுத்தது. இவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அப்போது வயது 89. முன்னதாக அவர் தம் பத்திரிகையில் எழுப்பிய கேள்விகளுக்குப் போப் கடிதமாகவே பதில் எழுதினார். பிறகு நேரில் சந்தித்தார்கள். உரையாடல் அக்டோபர் 1இல் வெளிவந்தது. படிக்க எவ்வளவு சுகமாக இருக்கும் தெரியுமா! இரண்டு பெரியவர்கள் நெருக்கமாக, நகைச்சுவையோடு, கொஞ்சம் சீண்டிக்கொண்டு பேசுவது போல ஓடுகிறது. நடையை மட்டும் பார்த்தால் ஸ்பதாரோவுடையதைவிட இதற்கே கூடுதல் புள்ளி போடுவோம்.

பிரச்சினை பிறகுதான் வந்தது. நன்மை தீமை பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு, அவரவர் நன்மை என்று கருதுவதை நாட வேண்டும் என்ற பொருளில் போப் பேசியதாக அதில் இருந்தது. அப்படியானால் திருச்சபையின் போதனை எங்கே போனது என்று கத்தோலிக்கர் பலர் கலங்கினார்கள். நவம்பர் நடுவில் வத்திக்கான் தன் இணையத்தளத்தில் போட்டிருந்த அந்த உரையை எடுத்துவிட்டது. பொதுவாக நம்பலாம், சொல்லுக்குச் சொல் நம்ப முடியாது என்பதே வத்திக்கான் பேச்சாளரின் விளக்கம். சில நாளில் ஸ்கல்ஃபாரியே ரோமில் வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் உண்மையைச் சொல்லிட்டார். ஒலிப்பதிவு இல்லை, குறிப்பும் எடுக்கவில்லை, நினைவிலிருந்து எழுதியது, சில சொற்கள் போப்புடையதாக இல்லாமலும் இருக்கலாம். அச்சுக்கு முன் அனுப்பி ஒப்புதல் பெற்றதாகவும் அவர் சொன்னார். நியாயமாக அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசகருக்கு முன்னால் இருந்தது மேற்கோள் குறி. நினைவிலிருந்து எழுதினேன் என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தால் அது வேறு வகை எழுத்தாகியிருக்கும். நல்ல கட்டுரையாகவும் இருந்திருக்கும்.

2018 மார்ச்சில் அதே கதை மறுபடியும் நடந்தது. நரகம் இல்லை என்று போப் சொன்னதாக ஸ்கல்ஃபாரி எழுத, அது நேர்காணலே அல்ல, தனிப்பட்ட சந்திப்பு. அதில் உள்ள மேற்கோள் எதையும் உண்மையான பதிவாகக் கொள்ள வேண்டாம் என்று வத்திக்கான் அறிக்கை விட்டது. அதுவும் பெரிய வியாழனன்று!

அப்படியானால் ஸ்பதாரோவுக்கு முழுப் புள்ளியா? நான் கொடுக்க மாட்டேன். கேட்பவரும் இயேசு சபை, சொல்பவரும் இயேசு சபை. கருக்கலைப்பு, ஓரினத் திருமணம் போன்றவற்றையே எப்போதும் வலியுறுத்திக்கொண்டிருக்க முடியாது என்கிறார் போப். உலகச் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்ட பகுதி அது. அந்த இடத்தில் ஒரு தொடர்கேள்வி வேண்டாமா? நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் கத்தோலிக்கர் வாக்களிக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

அப்படிக் கறாராகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க 1960க்குப் போக வேண்டும். குருவல்லாத ஒரு கத்தோலிக்கர், ஜான் கென்னடி, அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்கிறார். செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் பேசிவிட்டு, அவர்களுடைய கேள்விகளுக்கு நின்று பதில் சொல்கிறார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதால் யார் என்ன சொன்னார் என்ற தகராறுக்கே இடமில்லை. உங்கள் நிலைப்பாட்டுக்கு வத்திக்கானின் ஒப்புதலைப் பெற்றுத்தரும்படி கர்தினால் குஷிங்கைக் கேட்பீர்களா என்பது ஒரு கேள்வி. பொறி வைத்த கேள்வி, பாருங்க! கேட்பேன் என்றால் ரோமின் ஆணைக்குக் காத்திருப்பவர் என்றாகும். மறுத்தால் சொந்தச் சபைக்கு எதிரானவர் போலத் தோன்றும். பொது வாழ்வில் தனக்குக் கட்டளையிட எந்தச் சமய அதிகாரிக்கும் உரிமை இல்லை என்பதே தன் நிலை, அப்படியிருக்க கர்தினாலிடம் போய் நிற்பது எதற்கு என்று கென்னடி பதில் சொன்னார். கேள்வி எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறதோ அதையே எடுத்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் இந்த ஒரு பதிலை மட்டுமாவது அலசிப் பார்க்கலாம்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. உங்கள் வட்டாரத்தில் கோவில் நிர்வாகத்திலோ தேவாலயப் பணியிலோ இருக்கும் ஒருவரை, முன் அனுமதி வாங்கி, மாணவர் இருவர் பத்து நிமிடம் பேட்டி எடுக்கட்டும். ஊருக்காக அவர் செய்யும் வேலைக்கும் அவருடைய நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்பதே பொருள். ஒருவர் கைப்பேசியில் பதிவுசெய்யட்டும். மற்றவர் குறிப்பே எடுக்காமல் கேட்டுவிட்டு, மறுநாள் நினைவிலிருந்து எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, மேற்கோள் குறிக்குள் மாறிப்போன சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். வட்டமிட்ட தாளில் ஒரு படி பேட்டி கொடுத்தவருக்கும் போகட்டும்.