கரையில் ஒதுங்கியவள்: மாயா டெரெனின் ‘அற் லாண்ட்’

மாயா டெரெனின் இரண்டாவது படமான ‘அற் லாண்ட்’ (1944) பதினைந்து நிமிடங்கள் ஓடுகிறது. கறுப்பு வெள்ளை, 16 மி.மீ. பேசும்படம் வந்து பதினேழு வருடங்களின் பின் எடுக்கப்பட்டும் இதில் ஒரு சத்தமும் இல்லை. அவரது முதற் படத்துக்கு 1959இல் இசை சேர்க்கப்பட்டது. இது மௌனமாகவே விடப்பட்டது.

அலைகள் பின்னோக்கிப் போகின்றன. கடல் ஒரு பெண்ணை (டெரெனே நடிக்கிறார்) மணலில் விட்டுவிட்டு விலகுகிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பட்டமரத்தைப் பற்றி ஏறுகிறாள். தலை மேலே வரும்போது அங்கே நீண்ட விருந்து மேசை. இருபுறமும் கனவான்களும் சீமாட்டிகளும் புகைத்தபடி கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நடுவே மேசைமீது ஊர்ந்து போகிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதைக் கனவு, சர்ரியலிசம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். டெரெனுக்கே அந்த முத்திரை பிடிக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது படத்தொகுப்பு. கரையில் எழத் தொடங்கும் உடல் மேசையில் எழுந்து முடிகிறது. மேசையில் ஊரும் அதே உடல் அடுத்த வெட்டில் புதருக்குள் ஊர்கிறது. அசைவு அறுவதேயில்லை, இடம் மட்டும் மாறிவிடுகிறது. 1917இல் கியேவில் பிறந்து, யூதர்கள்மீதான வன்முறைக்குத் தப்பி 1922இல் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர் அவர். ஆயினும் படத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, அழுகையும் இல்லை. (எமது குறும்பட மாலைகளில் ஒரு சூட்கேசும் சோகப் புல்லாங்குழலும் வந்துவிட்டால் அகதி வாழ்வு சொல்லியாயிற்று!) மேசையில் வாய்கள் அசைகின்றன, எமக்கு ஒன்றும் கேட்பதில்லை. மொழி தெரியாத நாட்டில் முதல் மாதங்களைக் கழித்தவருக்கு இந்த மௌனத்தை விளக்கத் தேவையில்லை. இசை போட்டுத் திரையிடுகிறவர்கள் பாதிப் படத்தை அழித்துவிடுகிறார்கள்.

நடுவில், பாதையில் கூடவரும் ஆண் வெட்டுக்கு வெட்டு வேறு ஆளாகிறான். அவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஜோன் கேஜ். வெறும் வித்தைதான். இரண்டாம் முறை பார்க்கையில் மங்கிவிடுகிறது.

கடைசிப் பகுதி அப்படியல்ல. கடற்கரையில் இரு பெண்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். அவர்களது தலைமயிரைத் தடவிக் கொடுத்தபடியே ஒரு காயைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். ஓடும்போது, முன்னர் பாறையிலும் மேசையிலும் மரத்திலும் நாம் பார்த்த அவளே ஒவ்வோரிடத்திலும் நிமிர்ந்து இவளைப் பார்க்கிறாள். விருந்தில் எவர் கண்ணிலும் படாதவளை இப்போது பார்ப்பதற்கு அவளாவது இருக்கிறாள். மணலில் கால்தடங்களை விட்டு, கையை உயர்த்தியபடி, தூரத்தில் சிறுத்துப் போகிறாள்.