டிஆர்-808இடம் திரும்பி வருகிறவர்களுக்கு

தாள யந்திரம் ஒன்றை ஆசையோடு வாங்கி, சில காலம் பழகி, அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் கண்டு சலித்து, அதைக் காட்டிலும் பன்மடங்கு சாமர்த்தியமுள்ள வேறொன்றைத் தேடிப் போய், பின்பு ஏதோ ஒரு காலத்தில் அந்தப் பழையதையே மீண்டும் சிந்தசைசர்களின் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் மின் வாத்தியக்காரர்களிடையே வெகுவாக உண்டு. இவ்விதம் திரும்ப அழைக்கப்பட்ட யந்திரங்களுள் தலையாயது, ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் 1980இல் வெளியிட்ட டிஆர்-808. ஏறத்தாழ 12,000 உருப்படிகளோடு 1983இல் அதன் உற்பத்தி நின்றது. விலை குறைந்து பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதன் கீர்த்தி பரவியது. இதனிடம் திரும்பி வருகிறவர் எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்பதே இங்கே விஷயம்.

முதலில் குற்றச்சாட்டை நியாயமாகவே ஒப்புக்கொண்டு விடலாம். அதே காலத்தில் அமெரிக்காவில் வந்த லின் எல்எம்-1 என்னும் யந்திரம் மெய்யான டிரம்மின் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தந்தது. ஆனால் அதன் விலை 5,000 டாலரை ஒட்டி இருந்தது. 1,195 டாலருக்கு விற்ற 808இல் பதிவு செய்த ஒலி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மின்சுற்றுகள் அந்தந்த க்ஷணத்தில் பிறப்பிக்கும் நாதம். ஆகவே டிரம்மைப் போல் இது ஒலிக்கவில்லை என்று அக்காலத்தவர் பரிகசித்ததில் பிழை இல்லை. பிரதி செய்யும் கருவி என்ற வகையில் இது தோல்விதான். எனவே கேட்பவர் செய்ய வேண்டிய முதற் காரியம், பொத்தான்களின் மேல் எழுதியிருக்கும் வாத்தியப் பெயர்களை மனத்திலிருந்து நீக்கிவிட்டு, இன்ன சுருதி, இன்ன நீளம், இன்ன விதமாகத் தேய்கிறது என்ற அளவில் ஒவ்வொரு ஒலியையும் தனியே நிறுத்திக் கேட்பது.

கிக் என்னும் பெரிய அடியில் ஆரம்பியுங்கள். இதற்குக் கைபேசியின் சிறு ஸ்பீக்கர் உதவாது. அந்த ஒலியின் உயிர்நிலை 50 ஹெர்ட்ஸை ஒட்டிக் கிடப்பதால், நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். உள்ளே நடப்பது இது: ஒரு மின்துடிப்பு, தன் இயல்பான அதிர்வெண்ணில் சிறிது நேரம் ஊசலாடி ஓய்கிற ஒரு சுற்றைத் தட்டிவிட, அந்தச் சுற்று முதற் கணத்தில் சற்று உயர்ந்த சுருதியில் துள்ளி, உடனே கீழே இறங்கித் தன் நிலையில் நின்று, மெல்லத் தேய்கிறது. டிகே என்ற குமிழைக் குறைத்து வைத்தால் வெறும் ஒரு மொத்து. அதைத் திருப்பத் திருப்ப, தாளமாக இருந்தது படிப்படியாக மந்திர ஸ்தாயியில் நீண்ட ஸ்வரமாக மாறிவிடுவதைக் காணலாம். எந்த இடத்தில் அடி ஸ்வரமாயிற்று என்று கண்டுபிடிக்க முயன்று, குமிழை முன்னும் பின்னும் பலமுறை திருப்பிப் பாருங்கள். இந்த யந்திரத்தை ரசிப்பதற்கு இதைவிட நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியாது.

இனி அதன் தோஷம். அந்த கிக்கின் சுருதியை மாற்றுவதற்கு முகப்பில் குமிழே கிடையாது. பாடகரின் சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்த்துக்கொள்வது நம் முறை. இங்கேயோ தோல் அசையாமல் நிற்க, பாடுகிறவரே அதற்கு இணங்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சிந்தசைசரின் கீழ் ஸ்வரத்தை கிக்குக்கு மிக நெருக்கமாக, ஆனால் ஒன்றாமல், வைத்துப் பாருங்கள். இரண்டும் மோதி, காற்றே தள்ளாடுவது போன்ற ஓர் அலைவு எழும். சிந்தசைசரைச் சிறிது சிறிதாகத் திருத்தி அந்த அலைவை அடக்குகிற வேளையில், நவீன யந்திரங்களில் ஒரு பொத்தானால் முடிந்துவிடும் காரியத்தைக் காதினால் செய்யக் கற்றிருப்பீர்கள். இந்த நிர்ப்பந்தத்தை விரும்பித்தான் பலர் திரும்பி வருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

உலோக ஒலிகளின் கதை வேறு. ஒன்றுக்கொன்று இசைவில்லாத ஆறு சதுர அலைகள் யந்திரத்தினுள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஹை-ஹாட்டும் சிம்பலும் அந்தப் பிரவாகத்தை வடிகட்டி, ஒரு கதவைத் திறந்து மூடுவதால் உண்டாகின்றன. அலைகள் தட்டுவதற்காகக் காத்திராமல் தம்பாட்டில் ஓடுவதனால், ஒவ்வொரு தட்டும் அவற்றை வேறொரு நிலையில் சந்திக்கிறது; யந்திரம் என்ற பெயர் இருந்தும் அடிகள் அணுவளவு வேறுபடுகின்றன. வரிசையாகப் பதினாறு ஹை-ஹாட் அடிகளைப் போட்டு, வேறெதுவும் இல்லாமல் கேட்டால் இது புலப்படும். கவ்பெல் என்னும் மணி, இவற்றுள் இரண்டு அலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஏறத்தாழ 540, 800 ஹெர்ட்ஸ். இவ்விரண்டின் இடைவெளி பஞ்சமத்துக்கு மிக அருகே வந்து, சற்றே குறைந்து நின்றுவிடுகிறது. ஸ்வரஞானம் உள்ளவர் காதில் அந்த மணி ஒரே சமயத்தில் பழகியதாகவும் அபஸ்வரமாகவும் படுவதன் ரகசியம் அதுவே. சிம்பலைப் பற்றி மட்டும் என்னால் நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. குறைகள் எல்லாமே அழகு என்று சாதிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிம்பல் எந்த விதத்தில் கேட்டாலும் சோகையாகத்தான் இருக்கிறது. அதை அணைத்து வைத்துவிட்டு, திறந்த ஹை-ஹாட்டை நீட்டிக்கொள்வது மேல்.

ஸ்னேரிலும் கைதட்டலிலும் வரும் இரைச்சலுக்கு ஒரு விசித்திரமான பூர்வகதை இருக்கிறது. ரோலண்டின் ஸ்தாபகர் இகுதாரோ காகேஹாஷி, தரப் பரிசோதனையில் கழித்து ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தெரிந்தே வாங்கி இதில் பயன்படுத்தினார். அவற்றின் குற்றமே இந்த யந்திரத்தின் சீறலுக்கு ஆதாரமாயிற்று. காலப்போக்கில் தொழில் நுட்பம் சீர்ப்பட்டு, அத்தகைய கழிவுச் சரக்கு கிடைப்பது அரிதானபோது, 808இன் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. கைதட்டல் ஒலியைக் கூர்ந்து கேளுங்கள்: நெருக்கமாகச் சில வெடிப்புகள், அவற்றின் பின்னே ஒரு கூடம் எதிரொலிப்பதுபோல் ஒரு வால். பெல்ஜியத்தில் தங்கியிருந்த மார்வின் கே 1982இல் வெளியிட்ட ‘செக்ஷுவல் ஹீலிங்’ பாட்டில் இந்த ஒலிகள் எவ்வளவு அடக்கமாக, இடம் விட்டு வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அதே ஆண்டின் ‘பிளானட் ராக்’கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் குழுவினர் அவற்றையே எப்படி முன்னிறுத்துகிறார்கள் என்று ஒப்பிடுவது பயன் தரும்.

மற்றொரு குறை, தனித்தனி அடிக்கு அழுத்தம் கொடுக்க வழியில்லாமை. ஆக்செண்ட் என்ற ஒரே வரிசை உண்டு. அது விழும் இடத்தில் எல்லா ஒலிகளும் சேர்ந்தே உயர்கின்றன. ஆகவே பதினாறு கட்டங்களில் எதை விடுவது என்பதே இதில் கற்பனைக்கு உள்ள பெரிய களம். புதிய யந்திரங்களில் பழகி வந்தவர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பத் துடிப்பார். 808இல் அப்படி நிரப்பினால் சமதளமான ஓசைதான் மிஞ்சும்.

பிற வாத்தியங்களோடு கூட்டுவதிலும் இது ஒரு முரட்டுச் சுபாவமுள்ள பிராணி. மிடி என்ற பொதுமொழி 1983இல் பிறப்பதற்கு முன்னமே வந்துவிட்டதால், கால் நோட்டுக்கு 24 துடிப்பு என்ற பழைய ஒத்திசைவு முறையையே இது அறியும். இதன் பின்புறத்திலுள்ள ஐந்து முனைச் சொருகி மிடிச் சொருகியைப் போலவே தோன்றி, புதியவரை ஏமாற்றும். இடையே ஒரு மாற்றுக் கருவி வைத்தால் பேச்சு நடக்கும். ஆயினும் இன்னும் எளிய உறவு ஒன்று உண்டு: கவ்பெல்லின் துடிப்பு வெளிவரும் துவாரத்திலிருந்து ஒரு கம்பியை எஸ்எச்-101 சிந்தசைசரின் கிளாக் துவாரத்துக்கு இழுத்துவிட்டால், மணி அடிக்கும் இடங்களில் மட்டும் அந்தச் சிந்தசைசர் அடுத்த ஸ்வரத்துக்கு நகரும். மணியின் ஒலியைக் குறைத்துவிடலாம். லயம் மட்டும் மிஞ்சும்.

இந்தக் கூட்டுறவின் ருசியை அறிய ஆரம்பத்திலேயே ஒரு தட்டைக் கேட்டுவிடச் சொல்வேன். பம்பாய்த் திரைப்பட இசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல், 808ஐயும், டிபி-303 என்னும் பேஸ் யந்திரத்தையும், ஜூபிடர்-8 சிந்தசைசரையும் மட்டுமே துணையாகக் கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ லயத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். முதல் தடவை ராகத்தை மறந்து கிக்கை மட்டும் பின்தொடருங்கள். ஆலாபனைக்குரிய சஞ்சாரங்கள் மேலே எத்தனை வளைந்தாலும், அது இம்மியும் வளைந்து கொடுக்காமல் சென்றுகொண்டிருக்கும். இரண்டாம் தடவை டிபி-303இன் கீழ் ஸ்வரங்கள் அந்த கிக்கோடு எங்கே உரசுகின்றன, எங்கே அதன் இடைவெளியில் புகுந்துகொள்கின்றன என்று கவனியுங்கள்.

மூல யந்திரம் இன்று எளியவர் கைக்கு எட்டுவதாக இல்லை. ரோலண்டே 2017இல் வெளியிட்ட டிஆர்-08 அதன் நாதத்தை டிஜிட்டல் முறையில் சிருஷ்டிக்கிறது. மேலே சொன்ன பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். மூலம் கையில் கிடைக்கும் பாக்கியசாலி, அதை மற்றொருவருடைய மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒரே தாளத்தை ஓட்டிப் பார்க்கட்டும்: உதிரி பாகங்களின் அளவில் உள்ள சிறு வித்தியாசங்களால் இரண்டு மணிகளும் ஒரே சுருதியில் அடிக்காது.