சோபனாவா, ஜோதிகாவா?

இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். திரும்பும்போதும் சண்டை ஓடிக்கொண்டுதான் இருக்கும். 1993இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்ரதாழ்', 2005இல் பி. வாசு தமிழில் எடுத்த 'சந்திரமுகி'. இடையில் கன்னடத்தில் சௌந்தர்யா, பிறகு இந்தியில் வித்யா பாலன். ஒரே பாத்திரம், நான்கு நடிகைகள். சினிமா பைத்தியங்களுக்கு இதைவிடத் தோதான களம் கிடைக்காது.

எங்கள் வகுப்பறையில் இந்தச் சண்டையை நான் அடக்குவதில்லை. எங்கள் மாணவிகளில் பாதிப்பேர் ஜோதிகா கட்சி. கண்ணைச் சொல்வார்கள், புருவத்தைச் சொல்வார்கள். சோபனா கட்சிக்காரிகள் நடனத்தையும் அந்தப் படத்துக்குக் கிடைத்த தேசிய விருதையும் எடுத்து வீசுவார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நடிகைகளைவிட்டு நழுவி, ஃபாசில் எப்படி வாங்கினார், வாசு எப்படிக் கெடுத்தார் என்று போய்விடும். எப்போதும் அப்படித்தான். 'பாலசந்தர் பெண்கள்', 'மணிரத்னம் நாயகிகள்' என்று நாம் சொல்லிப் பழகிய சொற்களிலேயே ஆறாம் வேற்றுமை ஒளிந்திருக்கிறது. யாருடைய பெண்? இயக்குநருடைய பெண்.

ஆனால் எனக்கு இந்தச் சண்டையில் வேறொரு சந்தேகம். சோபனா என்று நாம் எதைச் சொல்கிறோம்?

'மணிச்சித்ரதாழி'ல் கங்காவைக் கடைக்குப் போகக் கூடாது என்று கணவன் தடுக்கும் காட்சி. முதலில் கெஞ்சல். பிறகு முகம் மாறுகிறது, தொண்டை தடிக்கிறது, கட்டில் ஒரு கையில் மேலெழும்புகிறது, வாயில் தமிழ் வருகிறது. கங்கா நாகவல்லி ஆகிவிட்டாள். உடம்பும் கண்ணும் சோபனாவுடையவை. அதில் யாருக்கும் மறுப்பில்லை. குரல்? கங்காவுக்குப் பேசியவர் பாக்யலட்சுமி. நாகவல்லிக்குப் பேசியவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். ஒரு பெண்ணுக்குள்ளிருந்து இன்னொருத்தி வெளியே வரும் அந்த நொடி, உண்மையிலேயே இரண்டு பெண்களின் தொண்டைகளால் ஆனது. துர்காவின் பெயரோ 20 ஆண்டுகளுக்கு மேல் வெளியே வரவில்லை. நாகவல்லியின் குரலும் பாக்யலட்சுமியுடையது என்றே ஊர் நம்பியது. 2016இல் ஃபாசிலே சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெக்கினி அறையில் பூட்டிக் கிடந்த நடனக்காரியின் கதைக்குள் இப்படி ஒரு பூட்டும் இருந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். சந்திரமுகியில் ஜோதிகாவுக்குக் குரல் சவிதா ரெட்டி. 'பம்பாய்' மனீஷா கொய்ராலாவும் 'இருவர்' ஐஸ்வர்யா ராயும் பேசுவது ரோகிணியின் குரலில். 'அறம்' படத்தில் கலெக்டராக நயன்தாரா அதிகாரிகளை அதட்டும்போது அதட்டுவது தீபா வெங்கட். டப்பிங் என்றால் எழுதிக் கொடுத்ததை வாசிப்பது என்று நினைப்பவர்கள் ஒருநாள் அந்த இருட்டறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். திரையில் உதடு அசையும். சில சமயம் அது சரியான தமிழுக்கு அசைந்திருக்காது. அந்த அசைவுக்குள் வசனத்தைப் பொருத்த வேண்டும். அழுகையின் நடுவில் இழுக்கும் மூச்சு, ஓடிவந்து நிற்பவளின் இரைப்பு, சொல்ல வந்து நிறுத்திய அரைச்சொல் எல்லாம் இவள் கொடுக்க வேண்டும். நாம் 'என்னமா அழுதா!' என்று சொல்லும் அழுகையில் பாதி அங்கே, மைக்குக்கு முன்னால் நின்று அழுதது.

ஆண்களுக்கும் இது நடந்ததுதானே என்று கேட்பார்கள். நடந்தது. மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர் பேசியது எண்பதுகளின் எந்த ரசிகரைக் கேட்டாலும் தெரியும். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் விக்ரம் குரல் கொடுத்ததும் தெரியும். அந்தக் கதையை நம் ரசிகர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்: பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்த மனுஷன்! சரிதாவும் ரோகிணியும் மற்ற நாயகிகளுக்குக் குரல் கொடுத்ததைச் சொல்லும்போது மட்டும் வாக்கியம் திரும்பிக்கொள்கிறது: சான்ஸ் குறைஞ்சதும் டப்பிங்குக்குப் போயிட்டாங்க. அதே மைக், அதே இருட்டு. அவனுக்கு அது படிக்கட்டு, அவளுக்கு அது சறுக்கல்.

'தண்ணீர் தண்ணீர்' சரிதாவைப் பார்த்தவர்கள் அந்தக் குரலை மறக்க முடியாது. கறுத்த முகம், கனத்த குரல், இரண்டும் சேர்ந்து ஒரே மனுஷி. பிறகு நம் திரைக்கு வெள்ளைத் தோல் வேண்டியிருந்தது, தமிழும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒருத்தியிடம் தேடும் பொறுமை யாருக்கும் இல்லை. ஒருத்தியிடம் நிறத்தை வாங்கினார்கள், இன்னொருத்தியிடம் மொழியை வாங்கினார்கள். மும்பையிலிருந்து வந்தவள் பேச வேண்டாம், சென்னையிலிருப்பவள் தெரிய வேண்டாம். வந்தவளுக்கும் இதில் நஷ்டம்தான். தன் குரலோடு ஒரு தவறான உச்சரிப்பைக்கூட அவளால் திரையில் வைத்துக்கொள்ள முடியாது. 2015இல் 'நானும் ரௌடிதான்' படத்துக்கு நயன்தாரா தானே பேசினார் என்பது ஒரு செய்தியாகவே வந்தது. ஒரு பெண் தன் வாயால் பேசியது செய்தி!

என்னைக் கேட்டால் ஜோதிகாவின் ஆகச் சிறந்த படம் 'மொழி'. ராதாமோகன் 2007இல் எடுத்தது. அர்ச்சனாவுக்குக் காது கேட்காது, வாய் பேசாது. கடன் வாங்கிய குரல் ஒன்றும் இல்லாமல் அந்த முகத்தை முழுசாகப் பார்க்க நமக்குக் கிடைத்த இரண்டரை மணி நேரம் அது. இதைச் சொன்னால் சந்திரமுகிக் கட்சிக்காரிகள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். ரோகிணிக்கு என் ஓட்டு 'மகளிர் மட்டும்' பாப்பம்மாவுக்கு. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குபவள். ஊர்வசி, ரேவதி இருவருக்கும் நடுவில் நின்று வசனத்தைத் தட்டிப் பறிக்கிறாள். 'சிறந்த நடிகைகள்' என்று யாராவது பட்டியல் போட்டால் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

குரல் முகத்துக்குப் பின்னால் இருக்கும்வரை எல்லோருக்கும் சௌகரியம். 2018 அக்டோபரில் '96' வந்தது. ஜானுவாக த்ரிஷா, ஜானு பேசுவதும் பாடுவதும் சின்மயி. ராமின் காதலைப் பற்றித் தமிழ்நாடே உருகிக்கொண்டிருந்த அதே மாதத்தில், வைரமுத்து மீதான பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டைச் சின்மயி பொதுவில் சொன்னார். வைரமுத்து மறுத்தார். அடுத்த மாதம், அப்போது ராதாரவி தலைமையிலிருந்த டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா பாக்கி என்பது சங்கம் சொன்ன காரணம். இரவல் வாய்க்குள் இருந்தபோது எல்லோருக்கும் இனித்த அந்தக் குரல், சொந்த வாயில் சொந்த வாக்கியம் பேசியதும் 'இத்தனை வருஷம் ஏன் பேசலை?' என்று குறுக்கு விசாரணைக்கு ஆளானது. அப்படிக் கேட்டவர்களில் ஜானுவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஜானு வாய்விட்டுச் சொல்லாமல் போனதைத்தான் அவர்கள் காவியம் என்றார்கள்.

2023இல் லோகேஷ் கனகராஜின் 'லியோ'வில் த்ரிஷாவுக்கு மறுபடி சின்மயி பேசினார். படம் வந்த வாரம் ரசிகர்கள் விடிய விடியச் சண்டை போட்டார்கள், அது 'கைதி', 'விக்ரம்' உலகத்தோடு சேருமா சேராதா என்று.