கொலோனோஸ்கோபி வீண் வேலையா?

"பாத்தியா, கொலோனோஸ்கோபி பண்ணாலும் சாவு குறையலையாம்" என்று சித்தப்பா வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். 2022 அக்டோபரில் வெளிவந்த நார்டிக் ஆய்வைப் பற்றிய செய்தி. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆய்வு நல்ல ஆய்வு. செய்திதான் கோளாறு.

போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 55 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 85,000 பேர். அதில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டும், ஒருமுறை வந்து கொலோனோஸ்கோபி செய்துகொள்ளும்படி அழைப்பு போனது. மற்றவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய், அழைக்கப்பட்டவர்களில் 0.98. அந்நோயால் இறந்தவர்கள் 0.31 சதவீதம், 0.28 சதவீதம். இந்த இரண்டாவது வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தலைப்பு வைத்துவிட்டார்கள்.

அழைப்பு வந்தவர்களில் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? 42 சதவீதம். போலந்தில் வெறும் 33. ஆக, இந்த ஆய்வு அளந்தது கடிதத்தை, குழாயை அல்ல. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் 'அழைக்கப்பட்டவர்கள்' கணக்கில்தான் வருவார்கள். (இது ஆய்வாளர்களின் தப்பு இல்லை. கூப்பிட்டால் ஊருக்கு என்ன பலன் என்று கேட்டால் இப்படித்தான் எண்ணணும்.) அதோடு, பாலிப் புற்றாக மாறவே பெரும்பாலும் 10 வருஷம் போல ஆகும். மரணக் கணக்கை இப்போதே மூடுவது அவசரம்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. 'போனவர்களில் மரணம் பாதியாகக் குறைந்தது' என்ற மதிப்பீட்டை எடுத்துப் போஸ்டர் அடித்தார்கள். கூப்பிட்டதும் போகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிற ஆளாக இருப்பார்; அந்த வித்தியாசத்தைக் கணக்குப்போட்டு முழுசாகக் கழிக்க முடியாது. பயமுறுத்தியோ ஆசைகாட்டியோ கூட்டம் சேர்ப்பதற்கு நான் விழிப்புணர்வு என்று பெயர் வைக்கமாட்டேன். வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கிற மலப் பரிசோதனையும் இருக்கிறது என்று எத்தனை போஸ்டர் சொல்கிறது?

சித்தப்பா விஷயமே வேறு. நாலு மாசமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள். ரத்தம் போகிறவருக்குச் செய்வது ஸ்கிரீனிங்கே கிடையாது, நோய் என்னவென்று கண்டுபிடிக்கிற சோதனை. அந்தச் செய்தியில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

போன் பண்ணி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல் நாள் ஏதோ லிட்டர் கணக்குல குடிக்கணுமாமே?" என்றார்.